நான்காவது முள்

உண்மையை நிலைநாட்ட ஓர் உயிர் போனாலும் தகும் என்று நம்புகிறவன் நான். இங்கே உண்மை என்பது, விலை குறைந்த கைக்கடிகாரமும் சரியான மணி காட்டும் என்பது.

எழுதிக்கொள்ளுங்கள் சார். அவசரமில்லை.

என் கையில் இருந்ததும் அக்கா வீட்டுக்காரர் கையில் இருந்ததும் ஒரே ரகம். இரண்டு ஊர் நேரம் காட்டும். வழக்கமான மூன்று முட்களோடு நான்காவதாக ஒன்று, ஒரு நாளைக்கு ஒரே சுற்று வரும். அது வெளியூர் மணிக்கு. தூசி, தண்ணீர், அடி, எதையும் தாங்கும். என்னுடையது ஒரு மாதச் சம்பளத்தில் வந்தது. அத்தானுடையதற்கு அக்காவின் நகையில் பாதி போயிற்று.

உள்ளே வித்தியாசம் ஒன்றுதான். என்னுடையதில் சாவியை ஒரு படி இழுத்துத் திருப்பினால் நான்காவது முள் மட்டும் நகரும். அவருடையதில் உள்ளூர் மணி முள் ஒவ்வொரு மணியாகத் தாவும். நிமிட முள்ளும் நொடி முள்ளும் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அடிக்கடி விமானத்தில் பறக்கிறவர்களுக்கான வசதி. அத்தான் விமானம் ஏறியதில்லை. மகன் வெளிநாட்டில் படிக்கிறான், அங்கே ஏழு மணி நேரம் பின்னால். அவனுக்குப் போன் போட வேண்டுமென்றால் விரல்விட்டுத்தான் எண்ணுவார். அந்த முள்ளை அவர் பார்த்ததே இல்லை. மற்றவர்களுக்குக் காட்டுவதோடு சரி.

வீட்டில் நாலு பேர் கூடினால் என் கடிகாரத்தைக் கழற்றச் சொல்வார். தன்னுடையதற்குப் பக்கத்தில் வைப்பார். “டப்பாடா இது. மணி காட்டும், மரியாதை காட்டாது.” எல்லோரும் சிரிப்பார்கள். பதினோரு வருடம் நானும் சிரித்தேன். போன மாதம் என் மகள் கேட்டாள்: “அப்பா, மாமாவோடதுதான் நிஜமா? உங்களோடது பொம்மையா?”

அன்று நான் சிரிக்கவில்லை.

தானியக் கிடங்கில் அவர் மேலாளர், நான் ஸ்டோர்கீப்பர். மாதம் ஒரு முறை பூச்சிக்குப் புகை போட்டு மூடுவோம். பிறகு விசிறிகளை ஓடவிட்டு விஷக்காற்றை வெளியேற்ற வேண்டும். மூன்று மணிக்கு முன் உள்ளே போகக்கூடாது என்று வாசலிலேயே பலகை இருக்கிறது. தீப்பொறி பயத்தால் போன்களை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. தன் கைக்கடிகாரம் இருக்கும்போது அது எதற்கு என்று அத்தான்தான் கழற்றச் சொன்னார். முதலில் உள்ளே போய்வருவதும் அவர்தான். அதில் ஒரு பெருமை.

அன்று மதியம் சாப்பிட்டு எழுந்தவர், வழக்கம்போலக் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் போட்டார். “வெயிட்டைப் பாருடா. அதுக்கே கொடுக்கலாம்.” அவர் கை கழுவி வருவதற்குள் மணி முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தாவவிட்டேன். என் டப்பாவில் இந்தக் குற்றத்தை இத்தனை சுத்தமாகச் செய்யவே முடியாது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிடங்கு வாசலில் அவர் மணி பார்த்தார். “மூணாச்சு. விசிறியை நிறுத்து.”

புகை போடுகிறவர் தயங்கினார். “சார், இப்பத்தானே சாப்பிட்டோம்...”

அத்தான் என் பக்கம் திரும்பினார். “டேய், உன் டப்பா என்ன சொல்லுது?”

“ரெண்டு மணி, அத்தான்.”

சாட்சி வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன் சார். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியா? முழுசா ஒரு மணி நேரம் லேட்டு. இதைப் போய்க் கட்டிக்கிட்டுத் திரியிறான்.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். புகை போடுகிறவர் பின்னாலேயே போக முகமூடியைக் கையில் எடுத்தார். “அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க” என்றேன். போனார். உள்ளே டார்ச் விழும் சத்தம் கேட்டபோது என் கடிகாரத்தில் இரண்டு மணி நான்கு நிமிடம். ஒரு தரம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், டேய் என்றில்லை. பலகையில் இருந்த விதிப்படி மூன்று மணிக்குத்தான் உள்ளே போனேன்.

இதைக் கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். என்னைப் பொறுத்தவரை இது ஓர் ஒப்பீடு. இரண்டு கடிகாரமும் அவர் முன்னால் இருந்தன. அவர் விலையை நம்பினார். தன் நான்காவது முள்ளைப் பார்த்து ஏழு மணி நேரம் கூட்டியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். அதை நான் தொடவில்லை. பார்க்கத் தெரியாதவருக்கு அது எதற்கு?

நாற்பது நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள். உங்கள் பார்வை என் மணிக்கட்டில் நின்றது. “உங்க அக்கா பையன் இருக்கிற ஊரு ஏழு மணி நேரம்தானே பின்னால? இதுல எட்டு காட்டுதே?” என்றீர்கள்.

அத்தானின் கடிகாரம்தான் அது. அக்காவிடம் கேட்டு வாங்கி, என் கைக்குத் தளர்வாக இருந்ததால் பட்டையில் இரண்டு கண்ணி குறைத்துக் கட்டியிருந்தேன். நின்றுபோயிருந்ததால் சாவியை முழுக்க இழுத்து, எல்லா முட்களையும் சேர்த்தே திருப்பி மணி வைத்தேன்; நான் தாவவிட்ட ஒரு மணி நேரம் அப்படியே தங்கிவிட்டது. அந்த நாற்பது நாளில் நான்காவது முள்ளை நானும் பார்க்கவில்லை.