வராத அம்மாவை எழுதியவர்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, படப்பிடிப்பை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

நம் தொடரின் கதாசிரியர், நாம் எல்லோரும் ‘ஆவி அண்ணன்’ என்று அழைத்த அந்த மனிதர், இன்று இல்லை. முதல் வாரத்திலேயே, அம்மாவாக நடித்த என்னைச் சாகடித்தவர் அவர். மறுவாரமே ஆவியாக எழுப்பி, நான்கு ஆண்டுகள் எனக்குச் சோறு போட்டவரும் அவரே. மகளுக்கு ஆபத்து என்றால் நான் வந்து நிற்பேன். கதவு தானே திறக்கும். கெட்டவன் தலைதெறிக்க ஓடுவான். ஊரே பார்த்தது.

பிறகு ஒருநாள் தொலைக்காட்சி நிலையத்தார், இனி பேய் பிசாசு வேண்டாம், சாதாரணக் குடும்பக் கதையாக மாற்றுங்கள் என்றார்கள். வழியும் அவர்களே சொன்னார்கள். இத்தனை நாள் வந்தது ஆவியல்ல, அம்மாவின் இரட்டைச் சகோதரி என்று காட்டிவிடலாமாம். என் வேலை நிலைக்கும் என்று மகிழ்ந்தேன். அண்ணன் மறுத்துவிட்டார். செத்தவள் செத்தவள்தான், இனி வரமாட்டாள் என்றார்.

என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று சண்டைக்குப் போனேன். அப்போதுதான் சொன்னார். தாயை இழந்த ஒரு சின்னப் பெண், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படப்பிடிப்புத்தள வாசலில் அவரைப் பார்க்கக் காத்திருந்தாளாம்.

“‘அந்த அக்காவுக்கு மட்டும் அம்மா வர்றாங்க. எங்கம்மா ஏன் வரல? நான் என்ன தப்பு பண்ணேன்?’னு கேட்டாம்மா.”

அந்தக் கேள்விக்கு யாரால்தான் பதில் சொல்ல முடியும்? அண்ணன் பதிலைக் கதையாக எழுதினார். மகள் காத்திருக்கிறாள், அம்மா வரவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். எந்தக் கதவும் தானே திறக்கவில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, அவளே சாமான்களை மூட்டை கட்டுகிறாள். இதைவிட உண்மையாக யார் எழுதினார்கள்? ஆனால், யார் பார்த்தார்கள்?

சில மாதங்களில் கூட்டம் கலைந்தது. தொடரை மதிய நேரத்துக்குத் தள்ளினார்கள். ஒரே ஒரு காட்சியில் ஆவியைக் கொண்டுவாருங்கள் என்று இதோ, இயக்குநர் ஐயாவே கெஞ்சினார். அண்ணன் அசையவில்லை. நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் கிடந்தபோதும் எழுதிக்கொண்டிருந்தார். போன வாரம் பார்க்கப் போன நான், கதையில் அந்த மகள் கடைசியில் தேறிவிடுவாளா என்று கேட்டேன்.

“தெரியலம்மா,” என்றார். “தேறுவான்னு எழுதத்தான் பாக்குறேன். கை வரமாட்டேங்குது.”

அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று சொல்லித்தான் நான் மேடையை விட்டு இறங்க வேண்டும். எப்படிச் சொல்வேன்? புதுக் கதாசிரியர் வந்துவிட்டார். திங்கட்கிழமை முதல் ஆவி மறுபடி வருகிறது. முதலில் என்னைத்தான் அழைத்தார்கள். முடியாது என்றேன். மறுநாளே வேறொரு நடிகையைப் பிடித்துவிட்டார்கள். என்னால் எதுவும் நிற்கப்போவதில்லை. ஆனாலும் நான் நடிக்கமாட்டேன். இந்தச் சபையில் நான் தரக்கூடிய வாக்குறுதி அவ்வளவுதான்.

போய் வாருங்கள் என்றுதான் வாய் பழகியிருக்கிறது. அப்படிச் சொன்னால், ‘வாருங்கள்’ என்பதை அண்ணன் அடித்துத் திருத்துவார்.

போங்கள், அண்ணே.