பூஞ்சைக்கு ஒரு வரிசை தக்காளி

எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்பாள் மனைவி. ஆனால் உருளைக்கிழங்கைப் பதமாக வேகவைத்துச் சாறு வடிக்க எங்கள் ஆய்வகத்தில் என்னை விட்டால் ஆளில்லை. அந்தச் சாற்றில்தான் பூஞ்சையை வளர்க்கிறோம். தக்காளிச் செடியை வாடவைக்கிற பூஞ்சை. இருபத்தெட்டு டிகிரி வெப்பம், கொஞ்சம் புளிப்பு, இருட்டு, வேறொன்றும் கேட்காது. பதினொரு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

ஆய்வகக் கண்ணாடித் தட்டிலேயே சொகுசாக வளர்ந்தால் அது சோம்பேறியாகிவிடும். பார்க்கப் பஞ்சுபோல் இருக்கும். செடியில் விட்டால் ஒன்றும் செய்யாது. உயிருள்ள செடிக்குள் போய்வந்தால்தான் பழைய வீரியம் திரும்பும். அதற்குச் செடி வளர்த்த எங்கள் பசுமைக்குடிலை இடித்துவிட்டார்கள். "செத்த பூஞ்சைய வச்சு என்னய்யா பண்றது, தூக்கிப் போடு" என்றார் துறைத்தலைவர். எனக்கு மனசு கேட்கவில்லை.

அண்ணனுக்கு மூன்று ஏக்கர் தக்காளி. ஒரே ஒரு வரிசையில்தான் பூஞ்சையைக் கரைத்து ஊற்றினேன்.

மூன்றாம் வாரம் அண்ணன் வாடிய செடி ஒன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தார். "தம்பி, நீ படிச்சவன். என்னடா இது?"

தண்டைக் கீறினேன். உள்ளே பழுப்புக் கோடு. அந்தப் பதினொரு வருடத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அந்த வரிசையைப் பிடுங்கி எரித்து, அங்கிருந்து தண்ணீர் மற்ற பாத்திகளுக்குப் போகாமல் அடைத்திருந்தால் மிச்சம் தப்பியிருக்கும். ஆனால் ஒரு வரிசையை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. "வெயில் தாங்கலண்ணா. தண்ணி நல்லா விடுங்க, சரியாயிடும்" என்றேன்.

தண்ணீரோடு அது வயல் முழுக்கப் போனது. வாரம் ஒருமுறை போய் வாடிய செடிகளை எண்ணினேன். அண்ணி ஒவ்வொரு முறையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். "நீங்க இருக்கறதுதான் எங்களுக்குத் தைரியம்" என்பார்.

அண்ணன் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார் என்று போன் வந்தபோது பூஞ்சையைப் புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் வேறு பூசணம் ஏறிவிடும். முடித்துவிட்டுத்தான் போனேன். அழுகை வரவில்லை. வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தேன்.

ஆமாம் ஐயா, ஊற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவர் சாவை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். அதற்கு முதல்நாள்தான் வேளாண் அதிகாரி வந்து, இது வாடல் நோய், இனி இந்த மண்ணில் தக்காளி வராது என்று அவரிடம் போட்டு உடைத்திருக்கிறார். நான் கடைசிவரை அண்ணனுக்கு நல்ல வார்த்தைதான் சொல்லிவந்தேன்.