வாயைத் திற, உள்ளே ஓடு

ஓடுகிறேன். கையில் வைஃபை பெட்டி. யோசிக்க நேரம் இருந்திருந்தால் உருப்படியாக எதையாவது எடுத்திருப்பேன். இல்லை. செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால். பூந்தமல்லி. பின்னால் டகடகடகவென்று சுவர் இடிக்கும் எந்திர உளி. சட்டென்று நிற்கிறது. அதைவிட மோசமான சத்தம் அப்போதுதான் வருகிறது. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிரும் சத்தம். உஸ்ஸ்ஸ்.

"அண்ணாத்தே, வெளிய வா! உங்க பக்கம் வுழுதுய்யா!" எந்திரத்தின் மேலிருந்து ஓட்டுநர் கத்துகிறான்.

நான் வாசலைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்க்கிறேன். ரோஸ்லின் அத்தை வரவில்லை. எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குள்ளே. எழுபத்தைந்து வயது. மூட்டுவலி. அப்படி ஓர் ஓட்டம்.

"அத்தை! வெளியே!"

"நீ உள்ள வாடா, மடப்பயலே! வாயத் தொற!"

அவள் சொன்னதில் தவறில்லை. அது வீட்டுச் சட்டம்.

வீட்டைக் கட்டியவர் அவளுடைய தாத்தா ஆசீர்வாதம். எனக்குக் கொள்ளுத்தாத்தா. கட்டடக் கலைஞர். முதல் உலகப் போரில் சிப்பாய். மெசபடோமியாவில் பதுங்குகுழி வெட்டினார். வெட்டவெளியில் ஓடியவர்கள் செத்தார்கள். குழிக்குள் கிடந்த இவர் பிழைத்தார். அதன்பின் ஆயுள் முழுக்க ஒரே கொள்கை. குண்டு விழுந்தால் உள்ளே ஓடு. வாயைத் திறந்து வை, செவிப்பறை கிழியாது. ஊர் திரும்பி ஆவடியில் ஒரு தேவாலயம் கட்டினார். அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடம். மேனாம்பேட்டில் இரண்டு வீடுகள். எல்லாவற்றிலும் நடுவில் ஓர் அறை. சன்னல் கிடையாது. மேலே தடித்த செங்கல் வளைவு. ஆண்டவர் வீட்டில் இது எதற்கு என்று பாதிரியார் கேட்டாராம். இவர் அடுத்த செங்கல்லை எடுத்து வைத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எங்களுக்குப் பயிற்சி. அவர் காலத்துக்குப் பின் அத்தை நடத்தினாள். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடிப்பாள். எல்லோரும் நடு அறைக்கு ஓடிக் குப்புறப் படுத்து ஆவென்று வாயைத் திறக்க வேண்டும். கல்யாணமான புதிதில் என் மனைவியும் பட்டுப்புடவையோடு படுத்தாள். இன்றுவரை மன்னிக்கவில்லை. வீடு விழுந்த செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தாள். அந்த மட்டும் தப்பித்தாள்.

பூந்தமல்லியில் குண்டு விழவில்லை. பாகப்பிரிவினை விழுந்தது. கிழக்குப் பாதி சித்தப்பா மகன் ஸ்டான்லிக்கு. அடுக்குமாடி கட்டுபவர்களுக்கு அவன் அதை விற்றான். அதைத்தான் இடித்தார்கள். எங்கள் பாதிக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். நாலு புத்தகம் படித்த நானும் தலையாட்டினேன். ஆசீர்வாதம் வளைவுகளை ஒன்றின் தோளில் ஒன்று சாயும்படி வரிசையாகக் கட்டியிருந்தார். பாதி போனால் மீதிக்குச் சாய்ந்துகொள்ளத் தோள் இல்லை. எந்த எதிரியையும் தாங்கும் வீடு. பங்கு கேட்கும் பேரப்பிள்ளைகளை மட்டும் அவர் எதிரியாக நினைக்கவில்லை.

கூரை இறங்குகிறது. முதலில் முன்கூடம். பிறகு மாடி. தொம்மென்ற சத்தம் காதில் அல்ல, காலில் கேட்கிறது. அப்புறம் எங்கும் வெள்ளை. தெருவைக் காணவில்லை.

"இன்னா நைனா, உள்ள ஆள் கீதா?" ஓட்டுநர் குதித்து ஓடி வருகிறான். அழுதுகொண்டே செங்கல்லை வீசுகிறான். ஸ்டான்லியும் வந்தான். கையாலேயே தோண்டினோம். அவனும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

நடு அறை நிற்கிறது. வளைவில் கீறல்கூட இல்லை. அத்தை குப்புறப் படுத்திருக்கிறாள். பயிற்சியில் சொன்னபடி. ஓர் எலும்பும் முறியவில்லை. வாய் திறந்திருக்கிறது. உள்ளே நிறையச் சுண்ணாம்பு.

குண்டுக்கு வாயைத் திறக்க வேண்டும். தூசிக்கு மூட வேண்டும். இரண்டாவதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை வரை ஆஸ்பத்திரியில் இருமினாள். பேசவில்லை. சனிக்கிழமை விடியும்போது இருமலும் இல்லை.

மிஞ்சியது: வைஃபை பெட்டி. ஆசீர்வாதத்தின் வம்சத்தில் முதன்முதலாக வெளியே ஓடிய நான்.

இழந்தது: ஆவடித் தேவாலயம், சாலை விரிவாக்கத்தில். அம்பத்தூர்ப் பள்ளிக்கூடம். மேனாம்பேட்டு வீடுகள் இரண்டும். பூந்தமல்லி வீட்டின் இரண்டு பாதிகளும். கடைசியாக அந்த நடு அறை. எந்திரம் இரண்டு நாள் முட்டிய பிறகே சாய்ந்தது.

ரோஸ்லின் அத்தை. உடம்பில் ஒரு காயமும் இல்லாமல்.