இரண்டாம் பாகத்தில் கதவைத் திறந்துவிட்டார்கள்

முதல் பாகம் நல்ல படம், ஐயா. அதை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

பேய்ப் படம்தான். ஒரு வாடகை வீடு, அதில் பூட்டிய அறை ஒன்று. புதிதாகக் குடிவந்த பெண் துணி மடித்துக்கொண்டிருப்பாள், உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவார்கள். அவசரமே இல்லாமல், வீட்டு ஆள் தட்டுவது போல. கடைசிவரை அந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள். முடிவில் அவள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பதிலுக்குத் தானும் தட்டுவாள். கதவுப் பலகையில் நகத்தால் கீறிய எழுத்து தெரியும். அதோடு படம் முடிந்து விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

அந்த எழுத்தைப் பார்த்துக் கொட்டகையே மூச்சை இழுத்தது. எனக்கு அது கோடும் சுழியுமாகத்தான் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரரிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அதான் படம் முடிஞ்சிருச்சே, எழுந்திரிங்க" என்று சட்டையில் ஒட்டிய சோளப்பொரியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே குளிர்கிடங்கில் வேலை. நான் பெட்டி சுமக்கிறவன், அவன் தூக்குவண்டி ஓட்டுகிறவன். சாப்பாட்டு வேளையில் பெட்டிகளின் மேல் இருக்கும் எழுத்தைக் காட்டிக் கற்றுக்கொடுத்தான். மீன், பட்டாணி, வெண்ணெய். "மாமா, இந்த வெண்ணெய்ய எழுதப் பயந்துதான் பாதிப் பேரு வெறும் ரொட்டியத் திங்கறாங்க" என்பான்.

தலை நரைத்த பிறகு எழுத்து லேசில் மண்டையில் ஏறாது. ஏறியது. ஒருநாள் அவன் தன் கைப்பேசியில் அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை நிறுத்திக் காட்டினான். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.' படித்து முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் ஆயுளில் நானாகப் படித்த முதல் வரி அது. அவன் என் முதுகில் தட்டிக்கொடுத்தான். நல்ல பையன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

கிடங்கில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அது தெரிந்தால்தான் மற்றது புரியும். குளிரறைக் கதவைத் திறக்க உள்பக்கம் ஒரு கைப்பிடி இருந்தது. அது உடைந்து வெகுகாலம் ஆகிறது. யாரும் சரி செய்யவில்லை. அதனால் உள்ளே போகிறவன் கம்பளித் தொப்பிக்கு மாறும்போது, வெளியே போடும் தொப்பியைக் கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவான். கொக்கியில் தொப்பி இருந்தால் யாரும் தாழ்ப்பாளைத் தொட மாட்டார்கள். ஒருவன் தொப்பியை இன்னொருவன் எடுக்க மாட்டான், சண்டைக்காரனாக இருந்தாலும். குளிரில் கைப்பேசி அணைந்துவிடும் என்பதால் அதையும் வெளியே அலமாரியில் வைத்துவிடுவோம்.

இரண்டாம் பாகம் வந்த அன்று நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். மனைவி, மச்சினன், நான், மூவருமாகப் போனோம். வாங்கிய சோளப்பொரி ஆறுவதற்குள் திரையில் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே ஒரு பெண், முகத்தில் ரப்பர். அவளுக்கு ஓர் அண்ணன், அவனோடு சொத்துத் தகராறு. நடுவில் ஒரு பாட்டு. கடைசியில் பேயும் குடித்தனக்காரியும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அந்த எழுத்துக்குக்கூட விளக்கம் சொன்னார்கள். சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது கீறியதாம்.

மச்சினன் கைதட்டிச் சிரித்தான். "பேய்க்கே சொத்துல பங்கு கெடைக்கல, நமக்கு எங்க மாமா கெடைக்கப்போகுது" என்றான். மனைவியும் சிரித்தாள்.

திரும்பும் வழியில் நான் விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். அவன் விடவில்லை. "இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு. மூடின கதவுல பயப்பட என்ன மாமா இருக்கு? நானா இருந்தா உள்ளயே படுத்துத் தூங்கியிருப்பேன்."

நியாயமான கேள்வி. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவனுக்குப் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

வார விடுமுறைக்கு முந்தின நாள், பகல் வேலை முடிகிற நேரம். பின்வரிசைப் பெட்டிகளைச் சரிபார்க்க அவன் உள்ளே போனான். கொக்கியில் அவனுடைய சிவப்புத் தொப்பி தொங்கியது. நான் அதை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன்.

மேற்பார்வையாளர் வந்தார். "உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"கொக்கியப் பாருங்க சார்" என்றேன்.

பார்த்தார். தாழ்ப்பாளை இறக்கிப் பூட்டினார். சாவியைப் பக்கத்து ஆணியில் மாட்டினார். அவர் முறைப்படிதான் செய்தார். பிள்ளைகுட்டிக்காரர், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நான் கதவைத் தொடவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் போனார்கள். முற்றத்தைக் கழுவிவிட்டுப் போகிறேன் என்று சொல்லி நான் மட்டும் இருந்தேன். பிறகு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

தட்டினான். படத்தில் வருவது போல இல்லை. தாறுமாறாக, கையும் காலுமாக. கதவின் அடியில் ரப்பர் கிழிந்த இடம் ஒன்று உண்டு, குரல் அந்த வழியாக வந்தது.

"மாமா, நீங்கதான? உங்க பூட்ஸ் தெரியுது."

நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

"வெளையாடாதீங்க மாமா. அக்காகிட்டச் சொல்லிருவேன் பாத்துக்கங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். கொஞ்ச நேரம் சிரிப்புதான் இருந்தது. அப்புறம் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான், காவல்காரரைக் கூப்பிட்டான். அவர் இருப்பது தெருவாசலில், அவ்வளவு தூரம் கேட்காது. திரும்ப என்னிடமே வந்தான். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மொதல் பாகம்தான் மாமா நல்லாருக்கு. ஒத்துக்கறேன். சத்தியமா."

மறைக்காமல் சொல்கிறேன், அது காதுக்கு இதமாக இருந்தது. அப்போதே திறந்திருக்கலாம். சாவி என் தலைக்கு மேலேதான் தொங்கியது. ஆனால் திறந்ததுதானே இரண்டாம் பாகத்தில் அவர்கள் செய்த தப்பு. அதனால் படத்தில் அவள் தட்டியது போலவே, விரல் மடக்கி, மெதுவாகப் பதிலுக்குத் தட்டினேன்.

உள்ளே சத்தம் அடங்கியது. அதன்பிறகு அக்காவைக் கூப்பிட்டு அழுதான். படத்தில் அழுகை கிடையாது. நான் எழுந்து, சொன்னபடி முற்றத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

"தம்பி எங்க?" என்று மனைவி கேட்டாள். கூட்டாளிகளோடு வெளியூர் போயிருக்கிறான் என்றேன். "சொல்லாமப் போயிருக்கு பாரு, கழுத" என்று அவன் பங்கைத் தட்டுப் போட்டு மூடி வைத்தாள். மறுநாள் முழுக்க அவனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. வரட்டும், காதைத் திருகுகிறேன் என்றாள்.

விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது அவன் எப்படிக் கிடந்தான் என்பதை நீங்களே பார்த்தீர்கள். முகத்தில் பயம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமே இல்லை. தூங்குகிற பிள்ளை மாதிரி இருந்தது. அதுவும் ஏமாற்றம்தான்.

தொப்பியை மறந்துபோனது என் கவனக்குறைவு. சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தவள் கையில் அது வந்துவிட்டது. அவள் கத்தவில்லை. "இது ஏங்க இதுக்குள்ள இருக்கு?" என்றுதான் கேட்டாள். நான் படத்திலிருந்து தொடங்கி நிதானமாக விளக்கினேன். நான் பதிலுக்குத் தட்டிய இடம் வரை கேட்டாள். பிறகு செருப்புகூடப் போடாமல் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

நான் படிப்பதை அவன் நடித்துக் காட்டினானாமே, அதுதான் காரணமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதெல்லாம் சின்ன விஷயம், ஐயா. எனக்குச் சரியாக நினைவுகூட இல்லை. இரண்டாம் பாகம் பார்த்த மறுநாள், தேநீர் இடைவேளை. பெட்டி ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து, காற்றில் விரலை ஓட்டி, "நா... ன்... இன்... னு... ம்..." என்று கூட்டிக் கூட்டிப் படித்தான். இடையிடையே கண்ணைத் துடைத்துக்கொண்டான். எடை போடுகிறவர்தான் முதலில் சிரித்தார், அவருக்கு மூக்கு வழியாகத் தேநீர் வந்துவிட்டது. அடுத்தது பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற அம்மா. அதற்கப்புறம் காவல்காரர், அவருக்கே எழுத்துத் தெரியாது. சாயங்காலம் வீட்டில் அக்காவுக்கும் நடித்துக் காட்டினான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் கை வைத்து, நிற்க முடியாமல் சிரித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? இரண்டாம் பாகம் எடுத்தவர்கள் கொஞ்சம் அக்கறையோடு எடுத்திருந்தால், அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான்.