கடைசித் தேதி இல்லை

பள்ளிப் பிள்ளைகளிடம் நான் கொஞ்சம் கறார். என் அறைக்குள் வருவதற்கு முன்பே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்வதுதான் என் வேலை. முன்கூட்டியே அனுப்ப ஒரு கெடு, மற்றவர்களுக்கு ஒரு கெடு என்று வைத்திருக்கும் இடங்களால் தொல்லை இல்லை. தேதியே பிள்ளைகளை விரட்டிவிடும். கெடுவே இல்லாத இடங்களில்தான் ஏமாந்துபோவார்கள். அங்கே விண்ணப்பம் வர வரப் படித்து, இடத்தைக் கொடுத்துக்கொண்டே போவார்கள். தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"கடைசித் தேதி இல்லன்னா, இன்னிக்குத்தான் கடைசித் தேதின்னு வெச்சுக்கோங்க" என்பேன். கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும்.

வேறு பள்ளியில் படித்த என் மகளிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

மூத்தவனை முதல் கெடுவிலேயே விண்ணப்பிக்க வைத்தவள் நான்தான். போனவன் அங்கேயே தங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான், அதுவும் சாப்பிட்டுக்கொண்டே. கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. இவளும் போய்விட்டால் சாப்பாட்டு மேசையில் நான் மட்டும்.

அவள் ஆசைப்பட்டது கடல்வாழ் உயிர்களைப் பற்றிய படிப்பு. விமானத்தில் போக வேண்டிய ஊர், கெடு இல்லாத பல்கலைக்கழகம். மற்றவர்கள் யோசிக்கும் முன்பே விண்ணப்பக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டாள். நன்றாக இருந்தது. முதல் பத்தியை மட்டும் கொஞ்சம் பாரேன் என்றேன். பார்த்தாள். அப்புறம் முடிவு சப்பென்று இருக்கிறது என்றேன். அதையும் மாற்றினாள். நடுவில் இழுக்கிறது என்றேன்.

"எங்க ஸ்கூல்ல சீக்கிரம் அனுப்பச் சொல்றாங்கம்மா."

"எனக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா? கடைசித் தேதியே கிடையாதுடி. பொறுமையா செய்."

கடைசித் தேதி கிடையாது என்பதில் பொய் எதுவும் இல்லை. அதைச் சொல்லியே என்னைத் தேற்றிக்கொண்டேன். அதே பல்கலைக்கழகத்தில் அதே படிப்புக்கு என் பள்ளி மாணவி ஒருத்தியை உட்காரவைத்து அன்றைக்கே அனுப்பவைத்தேன். இடம் கிடைத்து இனிப்போடு வந்தாள். ஒன்றை எடுத்து மேசைமேலேயே வைத்துவிட்டேன். அவ்வளவு குற்ற உணர்ச்சி. இன்றே அனுப்பிவிடு என்று மகளிடம் சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு டிவி பார்த்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் டிவி பார்த்தேன்.

ஒருவழியாக அனுப்பினாள். இடங்கள் நிரம்பிவிட்டதாகப் பதில் வந்தது. இப்போது பக்கத்துக் கல்லூரியில் கணக்கு படிக்கிறாள். பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருகிறாள். பேச்சு குறைந்துவிட்டது.

நேற்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சாரிம்மா. நீ அவ்ளோ சொல்லிக்கொடுத்தும் நான்தான் ஒழுங்கா எழுதாம நாளைக் கடத்திட்டேன். உன் பொண்ணுக்கே கிடைக்கலன்னா ஸ்கூல்ல உனக்கு எவ்ளோ அவமானமா இருந்திருக்கும்."

தலையைத் தடவிக்கொடுத்தேன். போனது போகட்டும் என்று அவளை மன்னித்துவிட்டேன்.