கதிரையில் தட்டும் சத்தம்

தர்மபுரம் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர், போன மாரியில் காய்ச்சலில் இறந்த வாத்தியக்குழு மாஸ்டரின் மனைவி.

"மாஸ்டரின்ரை கசற்றிலை அவரின்ரை சத்தமே இல்லையாம். உண்மையோ அக்கா?"

"ஓம் பிள்ளை. வாசிச்சது எல்லாம் மற்ற ஆக்கள். அவர் முன்னாலை நிண்டு கையாலை நடத்தினவர்தானே. துவங்க முன்னம் கதிரை முதுகிலை தட்டிற சத்தம் மட்டும்தான் அவர்."

"பற்றறிக்குத் தடையெல்லே, அது இல்லாமல் எப்பிடிப் போடுறியள்?"

"சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவிலைதான். பிள்ளையள் சுத்துவினம். ஆனால் அந்தத் தட்டு வாற இடத்திலை ஒருத்தரையும் தொட விடமாட்டன். நான்தான் சுத்துவன்."

"ஏனக்கா?"

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. மூத்தவர் மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கி முன்னால் வைத்தார்.

"அவையள் கெதியாச் சுத்துவினம், கசற்றும் வேகமா ஓடும். அவர் கெதியாப் போயிடுவார்."