கவ்வாத்து

இந்த அலுவலகத்துத் தேத்தண்ணி மோசமில்லை. பையில் கட்டின தேயிலை. நிறம் வருகிறது, மணம் வரவில்லை. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள். இளவயதை மலைநாட்டுத் தோட்டங்களில் கழித்தவளுக்கு எந்த ஊர்த் தேத்தண்ணியும் கொஞ்சம் குறையாகத்தான் தெரியும். குடிக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். இந்த ஒக்லாந்து நகரத்து ஆஸ்பத்திரிகளில் தமிழ்ச் சனத்துக்கு மொழிபெயர்த்துச் சீவித்தவள் நான். என்றாலும், விசாரணைக்கு வருகிறவர் தன் தாய்மொழியில் பதில் சொல்லலாம், அது அவருடைய உரிமை என்று நீங்கள் எழுதி அனுப்பியிருந்தீர்கள். தருகிற உரிமையை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தத் தாரிணிப் பிள்ளைக்கு இங்கே மொழிபெயர்க்கிற வேலை. தமிழ்நாட்டுப் பிள்ளை. நான் ‘ஓம்’ என்றால் அவவுக்குள்ளே ‘ஆமா’ என்று ஒன்று ஓடி, அதற்குப் பிறகுதான் உங்களுக்கு ‘யெஸ்’ வந்து சேரும். அவசரமில்லை பிள்ளை, ஆறுதலாகச் சொல்லும். ஒரு சொல்லும் விடாதேயும். மொழிபெயர்ப்பாளர் கண்ணாடி மாதிரி இருக்க வேணும் என்று இங்கே த்ரீ கிங்ஸ் பகுதியில் வகுப்பு எடுத்தவளே நான்தான். முடிவில் சான்றிதழும் கொடுத்தோம். அதில் படித்தவரின் பெயரைவிட என் கையெழுத்துப் பெரிதாக இருக்கும்.

பெயர் யோகராணி. ஆனால் இந்த நகரத்தில் எங்கட சனம் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் நான் மிஸி. இலங்கையில் தாதிமாரையும் பேறு பார்க்கிற மருத்துவமாதுமாரையும் அப்படித்தான் சொல்வது. யாழ்ப்பாணத்தில் படிப்பை முடித்தவுடன் அரசாங்கம் என்னை மலைநாட்டுக்கு அனுப்பியது. தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் பேறுகால நலன் என் பொறுப்பு. அப்போது மேலிடத்திலிருந்து ஒரு இலக்கு வந்தது. இந்த மாவட்டத்தில் இத்தனை பெண்களுக்குக் கருத்தடை ஒப்பரேஷன் முடிந்திருக்க வேணும். அதற்குப் பெயர் குடும்ப நலம்.

கொழுந்துச் சாக்கு ஏற்றுகிற லொறியைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நான் முன்னால் ஏறுவேன், பெண்கள் பின்னால். சில பேருக்கு விசயம் தெரியும், சில பேருக்குச் ‘செக்கப்’ என்று தெரியும். பின்னேரம் திரும்பும்போது ஆளுக்கொரு சேலையும் கொஞ்சக் காசும். சம்மதம் கேட்டோமா என்று கேட்கிறீர்கள். கேட்டோமே. லொறி நிற்கிறது, தோட்டத்துத் துரை நிற்கிறார், கங்காணி பெயர் கூப்பிடுகிறார். அந்த நேரத்தில் கேட்டால் ஒருத்தியும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

துரை நல்ல மனுசன். ஒருநாள் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கவ்வாத்து வெட்டுவதைக் காட்டினார். தேயிலைச் செடியை அதன்பாட்டில் விட்டால் மரமாகப் போய்விடும், கொழுந்து தராது. ஆனபடியால் காலத்துக்குக் காலம் கழுத்தோடு வெட்டிவிடுவார்கள். பார்க்க மொட்டையாக, பாவமாக இருக்கும். ஆனால் செடி ஒன்றும் சொல்லாது. ‘சனமும் இப்படித்தான் மிஸி’ என்றார். படித்த மனுசன் சொன்னால் மனதில் நிற்கும்.

இலக்கை எட்டினதற்கு எனக்கு விழா வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து, அளவான குடும்பம் என்பது பற்றி அளவில்லாமல் பேசினார். அவருக்கு ஏழு பிள்ளைகள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு சுவர் மணிக்கூடு பரிசு. அது அன்றைக்கும் ஓடவில்லை, இன்றைக்கும் ஓடவில்லை. மவுண்ட் ஆல்பர்ட்டில் மகன் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேணும். சுவீடன் சட்டம் போட்டுச் செய்தது. ஜப்பான் செய்தது. அமெரிக்காவில் பெரிய கோர்ட்டிலேயே சரி என்று தீர்ப்புச் சொன்னார்கள். இந்த நாட்டிலும் நூறு வருசத்துக்கு முதல் ஒரு குழு கூடி, யார் பெறலாம், யார் பெறக்கூடாது என்று யோசித்தது. சட்டமாக வரவில்லை, அவ்வளவுதான். செய்த நாடுகள் பிறகு மன்னிப்புக் கேட்டன, கொடி இறக்கி அல்ல, அறிக்கை விட்டு. நாடு என்றால் அது வசதி. தனி மனுசி செய்தால் இப்படிக் கதிரையில் இருத்தி வைத்துக் கேட்கிறீர்கள்.

ரத்னாவைப் பற்றிச் சொல்கிறேன்.

கிளென் ஈடனில் வாடகை வீடு. மலையகத்துப் பெண். புருசன் வைக்காட்டோப் பக்கம் மாட்டுப் பண்ணையில் வேலை, சனி ஞாயிறில்தான் வருவான். அவள் அலுவலகங்களைத் துப்புரவாக்குகிற வேலை. இரண்டு பெண் பிள்ளைகள், வயிற்றில் மூன்றாவது. பிள்ளைத்தாய்ச்சி கிளினிக்கில் அவளுக்கு மொழிபெயர்க்க என்னைப் போட்டார்கள். வாசலில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். “மிஸி நீங்களா வந்திருக்கீங்க, இனி எனக்கு என்ன கவலை” என்றாள். நல்ல பிள்ளை. ஒவ்வொரு முறையும் எனக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவாள். சம்பல் நல்ல உறைப்பு.

ஒருநாள் காத்திருக்கும்போது தன் கதையைச் சொன்னாள். அவள் ஒற்றைப் பிள்ளை. அவள் பிறந்த கையோடு தாயை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அதற்குப் பிறகு தாய்க்கு ஒன்றும் இல்லை. தாய் கடைசிவரை அந்தச் சேலையை உடுத்தவே இல்லையாம்.

“தனியா வளந்தேன் மிஸி. வெளையாடக்கூட ஆளில்ல. அதான், எனக்கு வீடு நெறையப் புள்ளைங்க வேணும். இது மூணு. இன்னும் ரெண்டு.”

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னாள். எனக்குத் தெரிந்த தோட்டம்தான். நல்ல மணமான தேயிலை. அந்தக் காலத்தில் அந்தத் தோட்டத்து லொறியில் முன்னால் இருந்து போனது நான்தான். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சங்கடமாகவும் இல்லை. ஒரு வேலையைச் சரியாக முடிக்காமல் எழும்பி வந்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

ஏன் பிள்ளை நிற்பாட்டிவிட்டீர்? சொல்லும். கேள்வி கேட்கிற அம்மா காத்திருக்கிறா.

ரத்னாவின் முதல் இரண்டு பிள்ளைகளும் ஒப்பரேஷன் செய்து எடுத்தது. இதுவும் அப்படித்தான் என்று டொக்டர் முடிவெடுத்தா. இளம் டொக்டர், மிகவும் கவனமானவ. இந்த நாட்டில் டொக்டர்மார் தாங்களாக ஒன்றும் திணிக்க மாட்டார்கள். நோயாளி கேட்க வேணும். ஆகவே ரத்னாவுக்காக நான் கேட்டேன். வயிற்றை வெட்டுகிற நேரத்திலேயே கருக்குழாயையும் கட்டிவிடச் சொல்லி இவ கேட்கிறா, இனிப் பிள்ளை வேண்டாமாம் என்று இங்கிலீஷில் சொன்னேன். பக்கத்தில் இருந்த ரத்னா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் நல்லதாக ஏதோ சொல்கிறேன் என்று அவளுக்கு நம்பிக்கை.

டொக்டர் அவளைப் பார்த்து, இது நிரந்தரம், பிறகு மாற்ற முடியாது, விளங்குகிறதா என்று கேட்டா.

நான் ரத்னாவிடம், “பிள்ளையை வெட்டித்தான் எடுக்க வேணுமாம். சம்மதமோ எண்டு கேக்கிறா” என்றேன்.

“ஆமாங்க.”

வேறு ஒருவரும் உங்களை வற்புறுத்தவில்லையே என்று டொக்டர் கேட்டா.

“பயமில்லையோ எண்டு கேக்கிறா.”

“மிஸி பக்கத்தில இருக்கீங்க, எனக்கு என்ன பயம்.”

‘ஒருவரும் இல்லை, இது என் சொந்த முடிவு என்கிறா’ என்று சொன்னேன். டொக்டருக்குத் திருப்தி. நல்ல மொழிபெயர்ப்பு என்று எனக்கு நன்றியும் சொன்னா. பிறகு ஒப்பரேஷன் அன்றைக்கு விடியவும் ஒருமுறை கேட்டார்கள். அப்போதும் நான்தான் நின்றேன். புருசன் வந்து சேரும்போது பிள்ளை தொட்டிலில் கிடந்தது. இதுவும் பெண்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வாடகை வீடு, தற்காலிக விசா, தகப்பன் மாட்டோடு, தாய் துடைப்பக்கட்டையோடு. அதில் ஐந்து பிள்ளைகள். வாற பிள்ளைகள் என்னவாக வரும்? என் மருமகளுக்கும் நாலுதான். நாலாவது பிறந்தபோது நானே லட்டுப் பிடித்துத் தெருவெல்லாம் கொடுத்தேன். அது வேறு. அவர்களுக்குச் சொந்த வீடு, மோர்கேஜ் இருக்கிறது. பின்வளவு பெரிது. அங்கே பீஜோவாப் பழச்செடி வேலியைக் கத்தரிக்கிறதும் நான்தான், மகன் தொடவும் விடமாட்டேன். அவனுக்கு எந்தக் கொப்பு வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாது.

மூன்றாவது நடக்கத் தொடங்கி, பேசவும் தொடங்கிவிட்டது. ரத்னாவுக்கு ஒன்றும் தங்கவில்லை. ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்து, ஒவ்வொரு மாதமும் அழுதிருக்கிறாள். எனக்குப் போன் எடுத்துச் சொல்லுவாள். பேரீச்சம்பழம் சாப்பிடு, மனதைப் போட்டுக் குழப்பாதே என்று ஆறுதல் சொல்லுவேன். அந்த விசயத்தில் நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

பிறகு அவள் குடும்ப டொக்டரிடம் போயிருக்கிறாள். அவர் கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, உங்களுக்குத்தான் குழாய் கட்டியிருக்கிறதே என்றிருக்கிறார். அவள் சிரித்தாளாம். யாரோ வேறு ரத்னாவின் விவரம் என்று நினைத்து, அங்கேயிருந்தே எனக்குப் போன் எடுத்தாள்.

“மிஸி, டாக்டர் என்னமோ தப்பாப் பாத்துட்டாங்க போல. கொஞ்சம் வந்து எடுத்துச் சொல்றீங்களா?”

வருகிறேன் என்றேன். சத்தியமாக, அவளுக்கு உதவத்தான் புறப்பட்டேன். அன்றைக்கென்று மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் ரயில் பிந்திவிட்டது. நான் போய்க் கதவைத் திறக்கும்போது, டொக்டர் பொறுமை இழந்து போன் வழியாக வேறு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்திருந்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், “அம்மா, நீங்க கேட்டதாலதான் பண்ணாங்களாம். திரும்ப மாத்த முடியாதாம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியே, ஒரு சொல்லும் விடாமல். அது உம்முடைய குரல்தான் பிள்ளை. இன்றைக்கு நீர் வாயைத் திறந்ததுமே கண்டுகொண்டேன். இந்த நகரத்தில் தமிழுக்கு எத்தனை பேர் இருக்கிறோம்.

ரத்னா சத்தம் போடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. “அம்மா லாரியிலயும் ஒரு மிஸி இருந்தாங்களாம்” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ரொட்டி வருவது நின்றுவிட்டது.

ரத்னா மட்டும்தானா என்று கேட்கிறீர்கள்.

எனக்குப் போன் எடுத்தது ரத்னா மட்டும்தான். மற்றவர்கள் எடுக்கவில்லை. அவர்கள் இன்னும் காத்துக்கொண்டிருப்பார்கள். சிலர் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருப்பார்கள், சிலர் மாமியாரிடம் பேச்சு வாங்குவார்கள். பெயர்களைக் கேட்டால் சொல்கிறேன், நான் மறைக்கிற ஆள் இல்லை. செய்தது நான்தான். அரசாங்கம் தந்த வேலையை அரசாங்கம் மறந்த பிறகும் செய்தேன். ஒருத்தியையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. எல்லாரையும் அவர்களுடைய தாய்மொழியில் கேட்டுத்தான் செய்தேன்.

இனி அந்தப் பேச்சு இல்லை. என்னை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள், நானும் மனதால் விட்டுவிட்டேன். யார் எத்தனை பெற்றால் எனக்கென்ன.

தாரிணி, வந்ததிலிருந்து இடுப்பு நாரியில் கையை வைத்துக்கொண்டே இருக்கிறீர். ஏழு மாதம் இருக்கும், மருத்துவமாதுவின் கண் தப்பாது. வீட்டில் எத்தனை? இரண்டோ. வாடகை வீடோ. ம்.

எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறீர் பிள்ளை? இதை அவவுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை.